நீச்சலுக்குப் போகும் மகளுக்கு, சடையைப் பற்றி

பாப்பா,

உன் கடிதத்தைத் தபால்காரர் நேற்றுக் கடையிலேயே கொடுத்துவிட்டார். நல்ல வேளை. வீட்டில் கொடுத்திருந்தால் உன் அம்மா அதைப் பிரிக்காமல் வைத்திருந்து, நான் சாப்பிட உட்கார்ந்ததும் எடுத்து நீட்டி, நான் படிக்கப் படிக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு எழுத்துப் படிக்கத் தெரியாதே தவிர, என் மூஞ்சியை நன்றாகப் படிப்பாள். நீ என்னடாவென்றால் 'அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்கப்பா' என்று எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷம் எங்களோடு இருந்துவிட்டு இப்படி எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? என் வயிற்றில் ஒரு விஷயமாவது ஒரு வேளைச் சோற்றுக்கு மேல் தங்கியிருக்கிறதா?

எரிந்துபோன ஒரு மோட்டாரின் காயிலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கையைத் துடைத்துவிட்டு உன் கடிதத்தைப் படித்தேன். விளையாட்டு டீச்சர் படிப்பில் நீச்சலும் ஒரு பரீட்சை என்று நீ போகும்போதே சொல்லியிருந்தாய். அது அடுத்த வாரமே வரும் என்று நான் நினைக்கவில்லை. நீச்சல் குளத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நீந்திவிட்டுத் திரும்ப வேண்டும், பிறகு முங்கி அடித்தளத்தில் கிடக்கும் செங்கல்லை எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அங்கே கொடுத்த ரப்பர் தொப்பிக்குள் உன் முடி அடங்கவில்லை, திணித்துத் திணித்துப் போட்டால் பாதிக் குளத்தில் பிய்த்துக்கொண்டு போய்விடுகிறது, தொப்பிக்குள் அடங்காவிட்டால் தோள்வரை வெட்டிவிட்டு வா, இல்லையென்றால் தண்ணீரில் இறங்காதே என்று உங்கள் டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 'வெட்டிடட்டுமாப்பா?' என்று கேட்டிருக்கிறாய். 

உடனே ஒரு இன்லண்ட் கடிதம் வாங்கி வந்து 'வேண்டாம், வெட்டாதே' என்று எழுதி ஒட்டியும்விட்டேன். தபால்பெட்டி வரைக்கும் போனேன். போடவில்லை. ஏன் போடவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். பொட்டப் பிள்ளை முடியை வெட்டினால் ஊர் என்ன சொல்லும், மாப்பிள்ளை வீட்டார் என்ன கேட்பார்கள் என்றெல்லாம் யோசித்து நான் வேண்டாம் என்று எழுதியதாக நீ நினைப்பாய். சத்தியமாக அது இல்லை. எனக்குப் பயம். உன் முடி அழகுக்கு இருக்கிறது என்று இந்த ஊரே நினைக்கிறது. நான் ஒருவன்தான், அது நீ தண்ணீரில் முழுகிப் போனால் உன்னைப் பிடித்துத் தூக்குவதற்கு இருக்கிறது என்று இன்று வரைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே. சொல்கிறேன்.

நான் அரூர்ப் பக்கத்து வறண்ட காட்டில் பிறந்தவன். எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைத்தாலே திருவிழா. நீந்துவதாவது, முங்குவதாவது? உன் அம்மா ஒகேனக்கல் பக்கத்து ஆற்றோரத்துப் பெண். நடக்கப் பழகியபோதே நீந்தப் பழகியவள். கல்யாணமான புதிதில் என்னைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனபோது, சேலையைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு சுழல் இருக்கிற இடத்தில் குதித்தாள். நான் கரையில் நின்று 'ஐயோ, ஐயோ' என்று கத்தினேன். நடு ஆற்றில் தலையைத் தூக்கி, "ஏனுங்க, கத்தாதீங்க, மீனெல்லாம் ஓடிப்போவுது" என்றாள். அன்றைக்குப் பிடித்த பயம், பாப்பா. இன்னும் விடவில்லை.

பாப்பாரப்பட்டியில் மோட்டார் ரிப்பேர்க் கடை போட்டு, மாரியண்ணன் தோட்டத்தை ஒட்டி நாம் குடிவந்த பிறகு, அவர் கிணற்றில் உனக்கு நீச்சல் பழக்கினாள். அப்போதுதான் கரண்டுக் கம்பி தோட்டங்களுக்கு வர ஆரம்பித்திருந்தது. ஊரில் கவலை ஏற்றம் இழுத்துத் தண்ணீர் இறைத்த மாடுகளை ஒவ்வொன்றாக விற்றுவிட்டு மோட்டார் வைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தொழில் ஓடியதும் அதனால்தான். உன் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி உன் அம்மா உன்னைத் தூக்கிப் போட்டபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் வராமலும் இருக்க முடியவில்லை. கடையைச் சாத்திவிட்டு வந்து, தண்ணீரைத் தொடுகிற கடைசிப் படியில் குந்திக்கொள்வேன். நீந்தத் தெரியாதவன் அங்கே உட்கார்ந்து என்ன செய்யப் போகிறான்? அதற்குத்தான் உன் சடை.

தண்ணீரில் போகிறவர்களை முடியைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும், கையைப் பிடித்தால் நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார்கள் என்று எங்கள் பக்கத்தில் சின்ன வயதிலிருந்தே சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே உனக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். கிணற்றில் இறங்கும்போது முடியைக் கொண்டை போடக்கூடாது, ஒற்றைச் சடையாகப் பின்னி நுனியில் சிவப்பு ரிப்பன் கட்டித் தொங்கவிட வேண்டும். நீ நீந்தும்போது அந்தச் சடை உன் பின்னால் தண்ணீர்மேல் மிதந்து வரும். என் கண் உன் முகத்தில் இருக்காது, அந்தச் சிவப்பு ரிப்பனில்தான் இருக்கும். படியோரமாகவே போ, நடுக்கிணற்றுக்குப் போகாதே என்று கத்திக்கொண்டே இருப்பேன். எட்டிப் பிடித்தால் கைக்கு வர வேண்டும் அல்லவா?

உன் அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "புடிச்சி இழுக்கறதுக்கு அவ என்ன மாடா? மூக்கணாங்கவுறு கட்டற மாதிரி கட்டி வெச்சிருக்கறீங்க" என்பாள். தண்ணீருக்குள் தொங்குகிற எதுவும் ஆகாது, முடியாகட்டும் துணியாகட்டும், ஆற்றில் வேரும் முள்ளும் முதலில் பிடிப்பது அதைத்தான் என்று சொன்னாள். நான் கேட்கவில்லை. இது ஆறா, கிணறு, இதில் வேர் எங்கே இருக்கிறது என்றேன். அவளும் கோபத்தில், "உங்க பொண்ணு, உங்க சட்டம்" என்று விட்டுவிட்டாள்.

தண்ணீரில் மட்டுமா அந்தச் சடை உன்னைப் படுத்தியது? தர்மபுரியில் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் சேர்த்து விளையாட்டுப் போட்டி வைத்தார்களே, உயரம் தாண்டுவதில் நீ சுத்தமாகத் தாண்டிவிட்டாய். உடம்பு மூங்கிலைத் தொடவே இல்லை. பின்னாலேயே வந்த சடை மூங்கிலைத் தட்டிக் கீழே போட்டது. "பௌல்" என்று கொடியை ஆட்டினார் வாத்தியார். "ஐயா, அது முடிங்க, பொண்ணு இல்லீங்க" என்று நான் கூட்டத்திலிருந்து கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ என்னோடு வீடு வரைக்கும் பேசவில்லை. கோ-கோ ஆட்டத்தில் தர்மபுரிப் பெண் ஒருத்தி உன் சடையைக் கொத்தாகப் பிடித்து இழுத்ததும், நீ திரும்பி அவளை அறைந்ததும், ஆட்டத்தை விட்டு உன்னை வெளியே அனுப்பியதும் அதே நாளில்தான். அதற்கப்புறம்தான் உன் அம்மா ஓட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இரட்டைச் சடை போட்டு, இரண்டையும் மடித்துக் காதுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிவிட ஆரம்பித்தாள். அங்கேயும் அதையே செய். நைலான் ரிப்பன் வழுக்கும், ஓட ஓட அவிழும். நூல் ரிப்பன் கட்டு. உச்சியில் இழுத்து முடியாதே, நெற்றி முடி கொட்டிப்போகும், தலைவலியும் வரும். வேர்வை காயும் முன் சீப்புப் போடாதே. ஈர முடி நூல் மாதிரி அறும்.

இப்போது அந்தக் கிணற்று விஷயத்துக்கு வருகிறேன். நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ தண்ணீருக்குள் இருந்தாய், நான் மேலே இருந்தேன். மேலேயிருந்து பார்த்ததை உன்னிடம் நான் சொன்னதில்லை. 

அது கோடை. கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போயிருந்தது. மற்ற மாதங்களில் ஆழத்தில் இருக்கிற உறிஞ்சுகுழாயின் வாய் அப்போது மேலாகவே தெரியும். ஏறிய தண்ணீர் திரும்பி இறங்காமல் பிடிக்கிற புட்வால்வு அந்த வாயில்தான் இருக்கும். அதைச் சுற்றி ஒரு இரும்புச் சல்லடை இருக்கும். கோடையில் பாசி வந்து சல்லடையை அடைத்துக்கொள்ளும், மோட்டார் தண்ணீர் ஏற்றாமல் காற்று வாங்கும். முங்கி முங்கிப் பாசி எடுக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? சல்லடையையே கழற்றிப் போட்டுவிடுவார்கள். நம்ம பக்கத்தில் பாதிக் கிணற்றில் அப்படித்தான். மாரியண்ணனும் கழற்றியிருந்தார். நான் அவரைத் திட்டினேன். மண்ணும் கல்லும் ஏறி மோட்டார் கெட்டுப்போகும் என்பதற்காகத்தான் திட்டினேன். முடி ஏறும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்து கரண்டு இல்லை. மோட்டார் ஓடாது என்ற தைரியத்தில் நீ இறங்கினாய், நான் என் படியில் குந்தினேன். உன் அம்மா தோட்டத்து வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். நீ முங்குவதும் எழுவதுமாக இருந்தாய். மேலே மோட்டார் கொட்டாயில் விளக்கு எரிந்ததும் மாரியண்ணன் கரண்டு வந்துவிட்டது என்று ஓடிப்போய் ஸ்விட்சைப் போட்டுவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எப்போது வரும் எப்போது போகும் என்று தெரியாத கரண்டு, வந்த நிமிஷமே போட்டால்தான் பயிருக்குத் தண்ணீர். கிணற்றுக்குள் ஆள் இருப்பது அவருக்குத் தெரியாது. உறுமல் கேட்டதும் நான் "பாப்பா, வெளிய வா" என்று கத்தினேன். நீ அப்போது முங்கியிருந்தாய். தண்ணீர்மேல் உன் சிவப்பு ரிப்பன் மட்டும் மிதந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது குழாய்ப் பக்கமாகத் திரும்பியது. சர்ரென்று உள்ளே போய்விட்டது.

நான் எதைப் பிடித்துத் தூக்கலாம் என்று இருந்தேனோ, அதையே மோட்டார் பிடித்துக்கொண்டது. நீந்தத் தெரிந்தவனாக இருந்தால் குதித்திருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் மோட்டார். ஆகவே உனக்கு முதுகைக் காட்டிவிட்டுப் படியேறி ஓடினேன். வழியில் முழங்கால் தோல் பெயர்ந்தது, வேட்டி அவிழ்ந்தது, ஒன்றும் தெரியவில்லை. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திக்கொண்டே கொட்டாய்க்குள் பாய்ந்து, மாரியண்ணனைத் தள்ளிவிட்டு ஸ்விட்சை இறக்கினேன். மோட்டார் நின்றது. அப்பாடா என்று திரும்பி வந்து கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். நீ மேலே வரவில்லை.

அந்த இடத்தில் எனக்கு விளங்கியது, பாப்பா. அந்த வால்வுக்குள் நாக்கு மாதிரி ஒரு தகடு இருக்கிறது. மோட்டார் ஓடும்போது அது திறந்திருக்கும். மோட்டார் நின்றால் குழாயில் இருக்கிற தண்ணீர் முழுக்க அதன்மேல் விழுந்து அதை மூடிவிடும். தினமும் என் கையால் மாட்டுகிற சாமான் அது. நான் மோட்டாரை நிறுத்தியதும் அந்த நாக்கு உன் சடையைக் கவ்விக்கொண்டது. இழுத்துக்கொண்டிருந்தது போய், கடித்துக்கொண்டிருந்தது. மறுபடி போட்டால் திறக்கும், ஆனால் உள்ளே இழுக்கும். போடுவதா, விடுவதா?  உனக்குத் தண்ணீருக்குள் மூச்சு இல்லை. நான் கிணற்று விளிம்பில் நின்று தொழில் தெரிந்த மடையனாக விழித்துக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா எங்கேயிருந்து வந்தாள் என்று எனக்குத் தெரியாது. என் கத்தலைக் கேட்டு ஓடி வந்திருக்கிறாள். கையில் புல் அறுக்கிற கருக்கரிவாள் இருந்தது. அதைக் கீழே போடக்கூட இல்லை. "எங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டாள். நான் கையைக் காட்டினேன். அரிவாளோடு மேலேயிருந்தே குதித்தாள். தண்ணீர் மூடிக்கொண்டது. அதன்பிறகு எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்காதே. கிணற்றுக்குள் சத்தமே இல்லை. பிறகு உங்கள் இரண்டு பேர் தலையும் ஒன்றாக வெளியே வந்தது. உன் அக்குளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கி வந்தாள். முடியைத் தொடவே இல்லை. தொடுவதற்கு அங்கே முடியும் இல்லை, பிடரியோடு அறுத்திருந்தாள். நீ தண்ணீரைக் கக்கிவிட்டு முதலில் சொன்னது நினைவிருக்கிறதா? "ரிப்பன் புதுசும்மா" என்று அழுதாய். உன் அம்மா உன்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். என்னை எழுப்பத்தான் மாரியண்ணனுக்குக் கஷ்டமாகப் போயிற்று.

நான் நிறுத்தியது தப்பா, சரியா என்று இன்று வரைக்கும் என் மனசுக்குள் அந்த மோட்டாரைப் போட்டுப் போட்டு நிறுத்திக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா ஒரே பதில்தான் சொல்வாள். "நீங்க நிறுத்தலன்னா தலைத்தோலே உரிஞ்சி போயிருக்கும். நிறுத்தினீங்க, நான் அறுத்தேன். முடிஞ்சிபோச்சி." அவளுக்கு முடிந்துபோனது. தீர்த்தமலைக்குப் போய் நான் மொட்டை போட்டுக்கொண்டு வந்தபோதும், "பொண்ணு தல போச்சின்னு அப்பன் தலையும் போச்சா? வூட்ல இனி என் ஒருத்தி தலைக்குத்தான் சீயக்கா அரைக்கணுமாட்டம்" என்று கேலி பேசினாள். உனக்குக் காய்ச்சல் விட்டதும் உன்னை மறுபடி அதே கிணற்றுக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் குறுக்கே விழுந்து தடுத்தேன். "இப்ப எறக்கலன்னா இவ என்னிக்கும் எறங்க மாட்டா. நீங்க வூட்டுக்குப் போங்க" என்றாள். முதல் தடவையாக என்னைப் போகச் சொன்னாள். போகவில்லை. அந்தப் படியிலேயே குந்தினேன், இந்தத் தடவை பிடிக்க ரிப்பன்கூட இல்லாமல்.

முடி வளர வளர அவள் தன் பாணிக்கு மாற்றிவிட்டாள், அதை உன் கை மறந்திருக்காது. இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்குக் கொஞ்சம் பயம் குறைகிறது. இறங்குவதற்கு முன் தேங்காயெண்ணெயை நுனி வரைக்கும் தடவு. உங்கள் குளத்தில் பிளீச்சிங் பவுடர் போடுவார்கள், எண்ணெய் இல்லாத முடி அதைக் குடித்துத் தேங்காய் நார் ஆகிவிடும். நல்ல தண்ணீரில் தலையை ஒரு முறை நனைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. இரண்டு சடை போடு, ஒன்றை இடமிருந்து வலமாக, மற்றதை வலமிருந்து இடமாக மண்டையோடு ஒட்டிச் சுற்று. எல்லாம் பின்னாலேயே குவிந்தால்தான் தொப்பி அடங்காது, பரப்பிச் சுற்றினால் அடங்கும். கொண்டை ஊசி குத்தாதே, ரப்பரைக் கிழிக்கும். என் பழைய வேட்டியிலிருந்து கிழித்த துணி இத்துடன் வைத்திருக்கிறேன், அதை இறுக்கிக் கட்டி முடிச்சைப் பிடரியில் போட்டு அதன்மேல் தொப்பியைப் போடு. தொப்பிக்குள் கொஞ்சம் முகப் பவுடர் தூவிக்கொள். வெளியே வந்ததும் அரப்புத் தூள் போட்டுத் தலையை அலசு, ஈரத்தோடு பின்னாதே.

தொப்பி ஒன்று நானே செய்து பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உன் அம்மா சொல்லிவிடுவாள். லாரி ட்யூபை வெட்டி, பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் போட்டு ஒட்டி, காய்வதற்குள் அவசரப்பட்டு என் தலையில் மாட்டிப் பார்த்தேன். கழற்ற வரவில்லை. உன் அம்மா ஒரு காலை என் தோளில் வைத்துக்கொண்டு இழுத்தாள். தொப்பியோடு என் முடியில் பாதி போய்விட்டது, இருந்ததே கொஞ்சம். அப்போதுதான் "எதுக்கு இந்தக் கூத்து?" என்று கேட்டாள். நானும் உன் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டிவிட்டேன். மன்னித்துக்கொள்.

அவள் குதிப்பாள், திட்டுவாள் என்று நீ பயந்தாய். நானும் பயந்தேன். எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, சாம்பிராணி போட்டு இத்தனை வருஷமாக அதை வளர்த்தவள் அவள்தானே. உன் கடிதத்தை வாங்கி மடித்தாள். பிறகு, "அன்னிக்கி நான் அவளக் கேட்டுட்டா அறுத்தன்? இன்னிக்கி எதுக்கு அவ என்னக் கேக்கணும்?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கட்டி அடங்குதான்னு பாக்கச் சொல்லுங்க. அடங்கலன்னா வெட்டிப்போட்டு எறங்கச் சொல்லுங்க. கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறன்" என்றாள். அவ்வளவுதான், பாப்பா. நான் தபால்பெட்டி வரை சுமந்துபோன இன்லண்டை அடுப்பில் போட்டேன்.

ஆகவே கட்டிப்பார். அடங்கினால் வைத்துக்கொள், உனக்குப் பிடித்திருந்தால். அடங்காவிட்டால் வெட்டு. என் பயத்துக்காக ஒரு முழம்கூட வைத்திருக்க வேண்டாம். எட்டிப் பிடிக்க நான் அங்கே இல்லை, இருந்தாலும் எட்டாது.

ஆனால் பயம் போய்விட்டது என்று நினைக்காதே. நீ செங்கல்லை எடுக்க அடித்தளம் வரைக்கும் போக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். அந்தக் குளத்துக்கும் ஒரு மோட்டார் உண்டு. தண்ணீரைச் சுத்தம் செய்ய அடியிலிருந்துதான் இழுப்பார்கள். அடியில் ஒரு ஓட்டை இருக்கும், அதன்மேல் கம்பிச் சல்லடை மாதிரி ஜாலி போட்டிருப்பார்கள். அந்த ஜாலி சரியாக மூடியிருக்கிறதா என்று மேலேயிருந்து நன்றாகப் பார். உடைந்திருந்தால் இறங்காதே. நீங்கள் தண்ணீரில் இருக்கும்போது மோட்டார் ஓடுமா என்று கேள். ஓடும் என்றால் நிறுத்தச் சொல், நிறுத்தியதைக் காதால் கேட்டுவிட்டு இறங்கு. செங்கல்லை அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் போட்டால், நகர்த்திப் போடச் சொல். பட்டிக்காட்டுப் பெண் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பரீட்சையில் பெயிலானால் அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம்.

முடிந்ததும் தந்தி கொடுக்காதே. உனக்கு நல்ல எண்ணமாக இருக்கும், ஆனால் நம் தெருவில் தந்திக்காரர் சைக்கிள் நின்றால் பிரித்துப் படிக்கும் முன் என் உயிர் போய்விடும். ஒரு கார்டு போடு. பாஸா பெயிலா என்பதைக் கடைசியில் எழுது, முதல் வரியில் தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிட்டேன் என்று எழுது. லீவு விட்டதும் ரயில் ஏறு, பொம்மிடி ஸ்டேஷனில் நானும் உன் அம்மாவும் நிற்போம்.

இன்னும் ஒன்று, பாப்பா. மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. இறங்குவதற்கு முன் கரையில் யார் நிற்கிறார்கள் என்று பார். டீச்சராக இருக்கட்டும், டாக்டராக இருக்கட்டும், பெரிய அதிகாரியாகவே இருக்கட்டும், உங்களுக்கு நீந்தத் தெரியுமா என்று முகத்துக்கு நேராகக் கேள். வெட்கப்படாதே. தெரியாது என்றால், தெரிந்த ஒருவர் வந்து நிற்கும் வரைக்கும் காலை நனைக்காதே. உன்மேல் உயிரையே வைத்துக்கொண்டு ஒருவன் கரையில் நிற்கலாம், அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. நான் அப்படி நின்றவன், எனக்குத் தெரியும். கேட்டுவிட்டு இறங்கு.

அப்பா